இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு ட்ரயல்

அன்புத் தங்கை சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உன் மருமகனும் சுகம். கடையில் இருக்கும் மூன்று மெஷின்களில் இரண்டு சுகம். நீயும், நம் வருங்கால மாப்பிள்ளையும், அவருடைய முதுகுவலி நீங்கலாக, அதே போல நலமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இதை ஏன் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதி, கூரியரில் வேறு அனுப்புகிறான் என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். நான் சொல்ல வந்ததை ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் சொல்லி முடிக்க வேண்டும் என்பதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

ஐம்பத்தொரு வயது வரைக்கும் "எனக்கெதுக்குண்ணே கல்யாணம், நான் நிம்மதியா இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நீ. நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லிஃப்டில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு, வெளியே நின்று கதவைத் திறந்துவிட்ட மெக்கானிக்கையே கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு, நான் ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டைக்கு மூன்றாவது கால் வெட்டிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். அந்தப் போனில் நீ இன்னொன்றும் சொன்னாய். "சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும். நீ வந்து நின்னாத்தான் நான் பேனாவைத் தொடுவேன். நீ வரலைன்னா நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவேன், அவரும் லிஃப்டுக்குப் போயிடுவாரு." நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நீ சின்ன வயதிலிருந்தே எந்திரிச்சுப் போகிற ஆள். ஆகவே இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நான் அங்கே வந்து நிற்க வேண்டும், நின்றே தீருவேன். இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு விஷயம்தான்.

டிக்கெட் எடுத்தது உன் மருமகன். எடுத்துவிட்டு வந்து, பரீட்சையில் தேறினவன் மாதிரி நின்றான். இங்கிருந்து உன் ஊருக்கு நேரடி விமானம் இல்லை என்பதால், நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். முதல் விமானம் ஒரு கம்பெனி, இரண்டாவது விமானம் வேறு கம்பெனி, டிக்கெட்டும் தனித்தனி. நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம். "ஒரே டிக்கெட்டா எடுத்திருந்தா, முத ஃபிளைட் லேட்டானாலும் அவங்களே அடுத்ததுல ஏத்தி விடுவாங்கப்பா. ஆனா இப்படித் தனித்தனியா எடுத்தா பாதி விலை" என்றான். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் லேட்டானால் என்ன ஆகும் என்று கேட்டேன். "லேட்டாகாது" என்றான். இதே பையன்தான் காலையில் பல் தேய்க்கவே பத்து மணிக்கு எழுந்திருக்கிறவன்.

எனக்கு மனது கேட்கவில்லை. எதிர்வீட்டில் ஒரு கிரேன் ஓட்டுகிறவர் இருக்கிறார், உனக்குத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்தவர். வெளிநாட்டுத் துறைமுகத்தில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை போய் வருகிறவர். அவரிடம் போய்க் கேட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம் என்று சொன்னதுமே மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் இதே மாதிரி தனித்தனி டிக்கெட்டாம். முதல் விமானம் ஒரு மணி நேரம் லேட். இரண்டாவது விமானத்தின் கவுண்டருக்கு ஓடினால், "நீங்க வரலைன்னு பதிஞ்சாச்சு சார், டிக்கெட் போச்சு" என்றார்களாம். முதல் கம்பெனியிடம் போய்ச் சண்டை போட்டால், "உங்களை இந்த ஊர்ல கொண்டுவந்து இறக்கறதுதான் எங்க வேலை. இறக்கிட்டோம்ல?" என்றார்களாம். இரண்டு பேருமே மரியாதையாகப் பேசினார்களாம், அதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை. புது டிக்கெட் கிடைக்கும் வரைக்கும் ஒரு தூணுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். "அந்தத் தூண் இன்னிக்கும் என் கண்ணுல நிக்குதுங்க" என்றார்.

அதுவும் அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் முழுசாக நம்முடையது இல்லையாம். தனி டிக்கெட் என்பதால் பெட்டியை அவர்களே மாற்றிப் போட மாட்டார்கள். நாம் இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நின்று, வெளியே வந்து, நம் பெட்டியை நாமே எடுத்துக்கொண்டு, வேறு கட்டடத்துக்குப் போய், புது ஆள் மாதிரி மறுபடி கொடுக்க வேண்டும். அந்தக் கவுண்டரை விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். ஆக, மிச்சம் முக்கால் மணி. நனைத்துப் பார்க்காமல் வெட்டின பருத்தித் துணி மாதிரி, கையில் எடுத்ததும் சுருங்கிவிட்டது. முப்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன், தையலுக்கு உள்ளே துணி விடாமல் ஒரு கைக்குட்டை கூட வெட்டினதில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு விடாமல் வெட்டுவேனா?

எவ்வளவு விடுவது என்பதுதான் கேள்வி. உன் மருமகன் இன்டர்நெட்டில் பார்த்து மூன்று மணி நேரம் என்றான், கிரேன்காரர் ஐந்து என்றார், உன் அண்ணி "எனக்கு எப்படியிருந்தாலும் முட்டி வலிக்கத்தான் போகுது, சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றாள். ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னால் தையல்காரன் என்ன செய்வான்? ட்ரயல் பார்ப்பான். போட்டுப் பார்க்காமல் இந்தக் கடையிலிருந்து ஒரு சட்டை வெளியே போனதில்லை. எனவே, இந்தப் பயணத்தையும் நம் தெருவிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இதைக் கேட்டதும் உன் மருமகன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் உன் மாதிரி.

ஏற்பாட்டைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். பன்னிரண்டாம் நம்பர் பஸ்தான் முதல் விமானம். அது வந்து சேருகிற கடைசி நிறுத்தத்துக்கு எதிரே வங்கி, அங்கே எப்போதும் வரிசை இருக்கும், அது பாஸ்போர்ட் வரிசை. அடுத்தது சலவைக்கடை. காலையிலேயே நம் பெட்டியை அங்கே கொடுத்து வைத்தாயிற்று, அவர் எடுத்துத் தரும் வரை காத்திருக்க வேண்டும், அது பெட்டி வரும் இடம். அங்கிருந்து பெட்டியோடு அடுத்த தெரு மருந்துக்கடைக்குப் போக வேண்டும். மருந்துக்கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக ஒரு மணிக்கு ஷட்டரை இறக்குகிறவர், யாருக்காகவும் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார். அவர்தான் கவுண்டர். ஷட்டர் இறங்குவதற்குள் நாங்கள் போய்ச் சேர்ந்தால் உன் கல்யாணத்துக்கு வந்துவிட்டோம், சேராவிட்டால் இல்லை. பஸ் வர வேண்டிய நேரத்திலிருந்து ஷட்டர் வரைக்கும் கணக்காக முக்கால் மணி இருக்கும்படி பார்த்துக் கிளம்பினோம். நான் தைத்து வைத்திருக்கும் உன் கல்யாண உடுப்பைப் பெட்டியில் வைக்கவில்லை. பெட்டி காணாமல் போனாலும் உடுப்பு போகக் கூடாது என்று ஹேங்கரோடு என் கையிலேயே வைத்திருந்தேன். நிஜப் பயணத்திலும் அப்படியே.

பன்னிரண்டாம் நம்பர் வழியில் ஒரு லாரியோடு உரசிக்கொண்டது. ஓட்டுநர்கள் இரண்டு பேரும் இறங்கிப் பேச ஆரம்பித்தார்கள். மற்ற பயணிகளெல்லாம் முணுமுணுத்தார்கள், எனக்கோ உள்ளுக்குள் திருப்தி, ஏனென்றால் விமானம் லேட்டாவது என்பது இதுதான். இருபது நிமிஷம் போய்விட்டது. இறங்கி வங்கிக்கு ஓடினோம். வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். நான் கையில் வெள்ளை உடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தையும், கவுண்டரையும், வாசலையும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்ததைக் காவலாளி பார்த்துவிட்டார். என் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த பெண் "என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்டாள். "வேலை ஒண்ணும் இல்லம்மா, வரிசையில நிக்கத்தான் வந்தேன், நின்னாச்சு, போகலாமா?" என்றேன். போக விடவில்லை. மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

மேனேஜர் நல்ல மனுஷர், தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் விசாரித்தார். நான் பதில் சொல்வதற்குள் உன் அண்ணி முந்திக்கொண்டு, "இவரு இப்பத்தாங்க விமானத்துலேர்ந்து இறங்கி வர்றாரு, அவசரமா அடுத்ததப் பிடிக்கணும்" என்றாள். "எந்த விமானம்மா?" என்று கேட்டார். "பன்னெண்டாம் நம்பர் பஸ்ஸு" என்றாள். அவர் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னொரு தம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தார். பிறகு மெதுவாக, "வீட்டுல பெரியவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்றார். நான் விவரமாக எடுத்துச் சொன்னேன், ஒன்றே முக்காலிலிருந்து ஆரம்பித்து. கடைசியில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் சகலையும் இப்படித்தான் ஒரு தடவை மாட்டிக்கொண்டார் என்றும், எதற்கும் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் என் நேரம் போய்விட்டது. நிஜத்தில் பாஸ்போர்ட் அதிகாரி இப்படிக் கூப்பிட்டு உட்கார வைக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்?

சலவைக்கடைக்காரர் ரசீது கேட்டார். ரசீது பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைக் கொடுத்தால்தான் ரசீது கொடுக்க முடியும், ரசீதைக் கொடுத்தால்தான் பெட்டி கொடுப்பார். "இத்தனை வருஷமா எதிரெதிர்க் கடைங்க, என்னைத் தெரியாதாய்யா உனக்கு?" என்று கேட்டேன். "தெரியும்ணே. அதான் ரசீது கேக்குறேன்" என்றார். கடைசியில் உள்ளே போய் நீலப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார், வாங்கிக்கொண்டு ஓடினேன். உன் அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். மருந்துக்கடையில் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. குனிந்து தலையை உள்ளே விட்டேன். மூச்சு வாங்குகிறது, வேர்வை வழிகிறது, பேச்சு வரவில்லை. மருந்துக்கடைக்காரர் பயந்துபோய் ஷட்டரை மேலே தூக்கி, என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, "நெஞ்சு வலிக்குதா? எந்தப் பக்கம்?" என்றார். "வலி எல்லாம் இல்ல, நான் வந்து சேர்ந்துட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றேன். "வந்துட்டீங்க, வந்துட்டீங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். அப்போதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஏதோ ஒரு விடுதியின் திரைச்சீலைகள்.

இந்த லட்சணத்தில் முக்கால் மணி நேரத்தை நம்பி நான் கிளம்பவா? மறுநாள் மூன்று மணி நேரம் வைத்து ட்ரயல் பார்த்தோம். அன்றைக்கு வங்கிக்கு விடுமுறை என்று யாரும் சொல்லவில்லை, வாசலிலேயே நின்றோம். அதற்கடுத்த வாரம் ஆறு மணி நேரம். அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது, மருந்துக்கடைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். ஆனால் மிச்ச நேரத்தில் உன் அண்ணி அங்கே உள்ளறைப் பெஞ்சில் அசந்து தூங்கிவிட, எழுப்ப மனம் வராமல் நானும் கண்ணை மூட, இரண்டு பேரும் கண் விழித்தபோது ஷட்டர் வெளியிலிருந்து பூட்டியிருந்தது. அதாவது இடைவெளி குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. தூங்குவதற்குத் தனியாக நேரம் விட வேண்டும். தூங்க வேண்டும் என்றால் ஹோட்டல் வேண்டும். பெட்டியை எடுத்துக் கொடுக்கிற சில மணி நேரத்துக்கு அவர்களே முத்திரை குத்தி விடுவார்களாம், ஹோட்டலில் ராத்திரி தங்குவது என்றால் அது போதாது. அதற்கு அந்த நடு ஊரின் விசா வேண்டும்.

விசா அலுவலகத்தில் இருந்தவர் "என்ன காரணத்துக்காக எங்க நாட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார். "காத்திருக்க" என்றேன். யாருக்காக என்றார். அடுத்த விமானத்துக்காக என்றேன். அது எப்போது என்றார். ஐந்து நாள் கழித்து என்றேன். "அப்ப நீங்க சுற்றுலாப் பயணி" என்றார். "இல்லீங்க, நான் எங்கயும் சுத்த மாட்டேன், ரூம்லதான் இருப்பேன்" என்றேன். அதைக் கேட்டு அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏதாவது ஒரு இடத்தையாவது சுற்றிப் பார்க்க ஒப்புக்கொண்டால்தான் விசா என்றார். ஒரு மிருகக்காட்சிசாலைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து நாளா என்று நீ வாயைப் பிளக்காதே, பணம் கட்டி இரண்டு டிக்கெட்டின் தேதியையும் மாற்றியாயிற்று. முதல் விமானமே ரத்தானால் ஒரு நாள், பெட்டி பின்தங்கி வந்தால் ஒரு நாள், உன் அண்ணியின் முட்டிக்கு ஒரு நாள், தூக்கத்துக்கு ஒரு நாள், தையலுக்கு உள்ளே விடுகிற துணியாக ஒரு நாள். தினமும் காலையில் அந்த ஊர் விமான நிலையத்துக்கே போய், ஹோட்டலிலிருந்து கவுண்டர் வரைக்கும் ஒரு ட்ரயலும் பார்க்கப் போகிறேன். நாளைக் காலையில் கிளம்புகிறோம், டாக்ஸிக்குச் சொல்லியாயிற்று, அது வராவிட்டால் கிரேன்காரர் வண்டி, அதுவும் கிளம்பாவிட்டால் பன்னிரண்டாம் நம்பர். கடையைப் பூட்டுகிறேன். வாடிக்கையாளர்கள் ஏசுகிறார்கள், ஏசட்டும். ஒரு வாரம் முன்னாலேயே வந்து உன் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். நீ எழுந்து போக நினைத்தாலும் வாசலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். இதில் நான் அரை அங்குலம் கூட விட்டுக்கொடுப்பதாக இல்லை. உன் மருமகன் போன் பண்ணி ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நீ தனியாக இருந்த வருஷங்களில் எல்லாம் உனக்கு ஒன்றும் குறையில்லை என்று நீயும் சொன்னாய், நானும் ஊரெல்லாம் சொன்னேன். ஆனால் ராத்திரி படுக்கும்போது உன்னை நினைக்காமல் நான் படுத்ததில்லை. அந்த மெக்கானிக் வந்த பிறகுதான் போனில் நீ காரணமில்லாமல் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்காக ஐந்து நாள் அல்ல, அந்த மிருகக்காட்சிசாலையிலேயே குடியிருக்கச் சொன்னாலும் இருப்பேன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். உன் அண்ணி முத்தங்களும், முட்டிக்கு உன் ஆஸ்பத்திரியில் ஏதாவது தைலம் உண்டா என்ற கேள்வியும் அனுப்புகிறாள். போட்ட தையல் பிரியாமல் நீங்கள் இருவரும் பல காலம் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்காகப் பசை எடுக்கப் போனபோது வாசல் மணி அடித்தது. டாக்ஸிக்காரன் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டான், நல்ல பொறுப்பான ஆள் என்று எண்ணிக்கொண்டு கதவைத் திறந்தேன். நீ நின்றாய். பின்னால் மாப்பிள்ளை. இரண்டு பேர் கையிலும் பெட்டி இல்லை. எனவே இந்தக் கடிதத்தைக் கூரியரில் போட வேண்டியதில்லை, நீ கடையில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய், நான் கீழே உட்கார்ந்து உன் உடுப்பின் கரையை மடித்துக்கொண்டே அடுத்த பக்கத்தை எழுதி எழுதித் தருகிறேன்.

உன் அண்ணி தினமும் உனக்குப் போன் பண்ணி, ட்ரயல் விவரம் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. "அஞ்சு நாளும் காலையில ட்ரயல் பாக்கப் போறியாம்ல? அதுல ஒரு நாள் நிஜ ஃபிளைட்டு நீ இல்லாம போயிடும்ணே. அதான் நாங்களே வந்துட்டோம். கல்யாணத்தை இங்கயே பதிஞ்சுக்கலாம்" என்கிறாய். அங்கே நான் வர வேண்டியதில்லை, விசா வேண்டியதில்லை, மிருகக்காட்சிசாலை வேண்டியதில்லை. மேலே நான் எழுதின எல்லாவற்றையும் அடித்துவிடலாம். நாளைக்கு வந்திருந்தால் நீ இங்கே, நாங்கள் அங்கே, அதையும் யோசித்துப் பார்.

நடுவில் எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்று மாப்பிள்ளைக்கு ஒரு சீட்டில் எழுதி நீட்டினேன். ஐம்பது நிமிஷமாம். தனித்தனி டிக்கெட்டாம். "எப்படிப் பிடிச்சீங்க?" என்று எழுதினேன். "ஓடினோம் மச்சான்" என்கிறார். போர்டிங் பாஸ் முதல் நாளே போனில் வந்துவிட்டதால் கவுண்டருக்கே போகவில்லையாம், பெட்டியை எடுக்கவும் நிற்கவில்லையாம், அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இது அதிர்ஷ்டம், திட்டம் அல்ல. நீங்கள் திரும்பிப் போகிற டிக்கெட்டை உடனே என்னிடம் காட்ட வேண்டும், இடைவெளியை நான்தான் போடுவேன்.

நீ வந்ததிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்கிறாய். வாயில் குண்டூசி வைத்திருக்கிறேன், அதனால்தான் பேச முடியவில்லை, எழுதிக் காட்டுகிறேன். கண்ணில் தண்ணீர் வருவதும் அதனால்தான். வாயில் ஒரு குண்டூசியும் இல்லை என்று உன் அண்ணி பக்கத்திலிருந்து சொல்கிறாள். அவள் பேச்சைக் கேட்காதே, ஆடாமல் நில்.